ஆயிரம் மணித்தியாலம்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே ஐம்பது வயதைக் கடந்த எவரிடமும் ஹெலிகொப்டர் என்ற பேச்சை எடுத்தால், அவருடைய சித்தத்தில் முதலில் எழுவது உல்லாசப் பிரயாணமன்று. 1987 ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு இந்திய விமானப்படையின் எம்.ஐ.-8 ஹெலிகொப்டர்கள் பல்கலைக்கழக விளையாட்டுத் திடலில் படைவீரரைக் கொண்டுவந்து இறக்கியதும், அவ்வாறு இறங்கிய சீக்கிய இலகு காலாட்படையினர் முப்பதுபேரில் ஒருவரொழிய ஏனையோர் மறுநாட் பகலுக்குள் மாண்டுபோனதும், அதற்கு முன்னும் பின்னுமாக எத்தனையோ வருஷங்கள் அந்த இரைச்சல் கேட்ட மாத்திரத்தில் அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கியதுமே அவருக்கு ஹெலி. பலாலி வீதியோரத்து ஊர் இந்த ஞாபகத்தை இலகுவில் விட்டுவிடாது. ஆயினும் 2019 ஒக்டோபரில் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டபோது ஆரம்பப் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு வானத்து இரைச்சல் என்பது சென்னைக்கும் திருச்சிக்கும் போய்வருகிற விமானத்தின் இரைச்சல். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டையே வெள்ளக்காடாக்கியபோது அவர்கள் கண்ட ஹெலி, நீர் சூழ்ந்த இடங்களில் அகப்பட்டவர்களைத் தூக்கிச்சென்ற வாகனம்.

ஆகவே, உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருத்தி, “மாமா, ஹெலியில வெள்ளைக்காரரை ஏத்திக்கொண்டு ஊர் காட்டுற வேலைக்கு என்ன படிக்கோணும்?” என்று கேட்டபோது, “இவளுக்கு விசர், நீங்கள் ஒண்டும் சொல்லிக் குடுக்காதேங்கோ” என்று தாய் இடைமறித்ததை நான் பொருட்படுத்தவில்லை. கேள்வி நியாயமானது, கேட்ட பிள்ளையும் கெட்டிக்காரி. ஆனால், இந்தத் தொழிலைப் பொறுத்தவரையில், என்ன படிக்கவேண்டும் என்பதற்கு முன்னதாகவே கேட்டுத் தெளியவேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது: படித்து முடித்தபின் மணித்தியாலம் எங்கிருந்து வரும்?

படிப்பின் விவரத்தை விரைவாகவே சொல்லிவிடலாம். வர்த்தக விமானியாகச் சம்பளம் பெற்று ஹெலிகொப்டர் ஓட்டுவதற்கு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி 18 வயது நிரம்பியிருக்கவேண்டும். 150 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியாயின் 100 மணித்தியாலம், பறந்திருக்கவேண்டும். ஆகாயச் சட்டம், வானிலை, திசையறிதல், இயந்திரத்தின் இயல்பு முதலிய பாடங்களில் எழுத்துப் பரீட்சை தேறவேண்டும். ஆங்கிலத்திலே நான்காம் படித் தேர்ச்சி காட்டவேண்டும். முதலாம் தர மருத்துவச் சான்றிதழ் வைத்திருக்கவேண்டும். இலங்கையில் இவற்றைப் பரிசீலித்து அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரம் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையுடையது. கணிதப் பிரிவிலே நன்றாகப் படிக்கிற நம் ஊர்ப் பிள்ளைக்கு இவற்றுள் எதுவும் எட்டாத காரியமன்று.

எட்டாத காரியம் இதற்கப்பால் தொடங்குகிறது. அனுமதிப்பத்திரம் பெற்ற அன்று அந்த விமானியின் குறிப்பேட்டில் நூற்றைம்பது மணித்தியாலம் எழுதப்பட்டிருக்கும். சுற்றுலாக் கம்பனிகளோ, காப்புறுதிக்காரருடைய நிர்ப்பந்தத்தாலும் தம்முடைய அனுபவத்தாலும், பெரும்பாலும் ஏறத்தாழ ஆயிரம் மணித்தியாலம் பறந்தவரையே பிரயாணிகளுடன் தனியே அனுப்பச் சம்மதிக்கின்றன. இடையிலுள்ள எண்ணூற்றைம்பதையும் காசு கொடுத்து வாங்கலாமென்று எவரும் எண்ணவேண்டாம். பயிற்சிக்கு வழங்கும் மிகச் சிறிய இரண்டு ஆசன ஹெலிகொப்டரின் வாடகையை மணித்தியாலத்துக்கு 300 டொலர் என்று குறைத்தே மதித்தாலும், கணக்கு 255,000 டொலரில் போய் நிற்கும். அந்தத் தொகை உள்ள வீட்டுப் பிள்ளை உத்தியோகம் தேடி அலையமாட்டாது.

அப்படியானால் மற்றவர்கள் எவ்வாறு அந்த இடைவெளியைத் தாண்டினார்கள் என்று பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவில் வழமையான மார்க்கம், படித்த பள்ளியிலேயே உபாத்தியாயராக அமர்ந்துவிடுவதுதான். மாணவன் பறக்கப் பக்கத்து ஆசனத்தில் இருந்து கற்பிக்கிற ஒவ்வொரு மணித்தியாலமும் ஆசிரியருடைய குறிப்பேட்டிலும் ஏறும். ஒன்றரை வருஷமோ இரண்டு வருஷமோ சொற்ப சம்பளத்துக்கு இவ்வாறு கற்பித்து ஆயிரத்தை எட்டியவர்கள், 1965 முதற்கொண்டு பப்பிலோன் கம்பனி ஹெலிகொப்டர் ஓட்டிவரும் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கையோ, அலாஸ்காவின் பனியாறுகளையோ, ஹவாய்த் தீவுகளின் எரிமலைகளையோ பிரயாணிகளுக்குக் காட்டும் வேலைக்குப் போய்ச் சேருகிறார்கள். அங்கே இரண்டொரு வருஷம் கழித்து, நோயாளரை ஏற்றும் ஆகாய அம்புலன்சுக்கோ கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளுக்கு ஆளேற்றும் வேலைக்கோ மாறிவிடுவதே பெரும்பாலோரின் நோக்கம். சுற்றுலா விமானி என்பது பலருக்கு இறங்குதுறையன்று, இடைத்தரிப்பு.

கனடாவில் மார்க்கம் இன்னும் விநோதமானது. அங்கே நூறு மணித்தியாலத்தில் வர்த்தக அனுமதிப்பத்திரம் கிடைத்துவிடும். ஆனால் கிடைத்தவுடன் வேலைக்குச் சேர்கிற இளைஞர் ஒரு வருஷமோ அதற்கு மேலோ ஹெலிகொப்டரைக் கழுவியும், எண்ணெய்ப் பீப்பாய் உருட்டியும், களஞ்சியம் கூட்டியும், இடையிடையே பிரயாணியில்லாத வெற்றுப் பறப்பொன்று கிடைக்குமா என்று முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டும் காலந்தள்ள நேரும். ஸ்காபரோவிலிருக்கும் நம்மவர், ஊரிலிருந்து வருகிற உறவினரை நயாகராவுக்குக் கூட்டிச்சென்று, மனம் வந்தால் ஹெலியிலும் ஏற்றி அருவியைச் சுற்றிக்காட்டுகிறார்கள். முன்னாசனத்தில் இருந்து படமெடுக்கிற நம் மாமாமாருக்கு, பக்கத்திலே இருக்கும் அந்த இளைஞன் எத்தனை ஹெலிகொப்டர் கழுவிய பின்னர் அந்த ஆசனத்துக்கு வந்தான் என்பது தெரியாது.

இந்த இடைவெளியை மறைத்து வியாபாரம் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் பக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சில்வர் ஸ்டேட் ஹெலிகொப்டர்ஸ் என்றொரு கம்பனி இருந்தது. ஊர் ஊராக மண்டபங்களை வாடகைக்கு எடுத்துக் கூட்டம் கூட்டி, விமானிகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டது, பதினெட்டு மாதத்தில் உங்களை விமானியாக்கிவிடுகிறோம் என்று பேசிப் பிள்ளைகளைச் சேர்த்தது. கட்டணம் ஏறத்தாழ 70,000 டொலர்; பெரும்பாலோர் வங்கிக் கடனாக எடுத்து முன்கூட்டியே கட்டினார்கள். கட்டிய காசு புதிய கிளைகளுக்கும் புதிய ஹெலிகொப்டர்களுக்கும் போயிற்று. சேர்ந்த மாணவரின் தொகைக்கு ஆசிரியரும் போதவில்லை, இயந்திரமும் போதவில்லை. தேறியவர் எல்லோருக்கும் கற்பிக்க இடமும் இல்லை. 2008 பெப்ரவரியில் ஒரேநாளில் கதவை மூடி வங்குரோத்து மனுப் போட்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் அனுமதிப்பத்திரம் இன்றியும் கடனுடனும் நின்றார்கள். இவ்வளவுக்கும் அது சட்டபூர்வமாக, அரசாங்கத்தின் கண்முன்னே நடந்த பள்ளிக்கூடம்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு ஏஜென்சிக்குக் காசு கட்டும் பழக்கம் நமக்குப் புதிதன்று. காணி உறுதியை ஈடுவைத்து, தமக்கையின் சீதன நகையை விற்று, இலண்டனில் இருக்கும் சித்தப்பாவிடம் கைமாறி, ஒரு பிள்ளையை எங்கோ அனுப்பிவிட்டால் குடும்பமே கரையேறும் என்ற நம்பிக்கையில் இரண்டு தலைமுறை வாழ்ந்திருக்கிறது. அந்த நம்பிக்கை பல வீடுகளைக் காப்பாற்றியதும் உண்மை. ஆனால் ஹெலிகொப்டர்ப் பயிற்சி விஷயத்தில் அந்தக் கணக்குப் பிழைக்கிறது. ஏனென்றால், அமெரிக்காவில் பயிற்சிக்கென்று கொடுக்கப்படும் விசாவில் போகிற வெளிநாட்டுப் பிள்ளைக்கு, மணித்தியாலம் சேர்க்கும் அந்த உபாத்தியாயர் உத்தியோகத்தை வருஷக்கணக்கில் பார்க்க அனுமதி கிடைப்பது அரிது. அனுமதிப்பத்திரத்தோடு திரும்பிவிடுவார்; நூற்றைம்பது மணித்தியாலத்தோடும் திரும்பிவிடுவார். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ பிறந்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகளுக்கு இந்தத் தடை கிடையாது. ஆகவே ஒரே பாட்டனின் இரண்டு பேரப்பிள்ளைகளுள் ஒருவருக்கு நியாயமான முயற்சியாக இருப்பது மற்றவருக்குச் சூதாட்டமாகிவிடுகிறது.

சரி, திரும்பி வந்தவருக்கு இலங்கையிலே என்ன இருக்கிறது? இந்நாட்டில் ஹெலிகொப்டர்ச் சுற்றுலாவின் சரித்திரமே விமானப்படையில் தொடங்குகிறது. 1971ஆம் வருஷத்துக் கிளர்ச்சிக்குப் பின்னர் படைச் செலவுக்குப் பணம் முட்டுப்பட்டபோது, விமானப்படையின் நான்காம் இலக்க ஹெலிகொப்டர் அணி, ஹெலிரூர்ஸ் என்ற பெயரில் வெளிநாட்டுப் பிரயாணிகளைக் காசுக்கு ஏற்றிச்செல்ல ஆரம்பித்தது. பின்னர் யுத்தம் வந்து அந்த ஹெலிகொப்டர்களை வேறு காரியத்துக்கு இழுத்துக்கொண்டது. அது என்ன காரியம் என்பதைத் திருநெல்வேலியாருக்கு விளக்கவேண்டியதில்லை. இன்று சிகிரியாவையும் தேயிலை மலைகளையும் ஆகாயத்திலிருந்து காட்டும் தனியார் கம்பனிகள் கொழும்பைச் சார்ந்து இயங்குகின்றன. அவற்றிடமுள்ள ஹெலிகொப்டர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றின் ஆசனங்களிலோ, படையில் இருபது வருஷம் பறந்து, ஆயிரங்கணக்கான மணித்தியாலத்தோடு ஓய்வுபெற்று வந்த விமானிகளே பெரும்பாலும் அமர்ந்திருக்கிறார்கள். முதலாளியின் நிலையில் நின்று பார்த்தால் இதில் குறைகாண இடமில்லை. அரசாங்கச் செலவில் பழகிய கைகள் ஓய்வூதியத்தோடு வந்து நிற்கையில், நூற்றைம்பது மணித்தியாலக்காரரை எடுத்துப் பழக்க அவர் ஏன் முனையவேண்டும்? இந்தியாவிலும் நிலைமை பெரும்பாலும் இதுவே; அவ்வளவு பெரிய தேசத்தில் சிவில் ஹெலிகொப்டர்கள் முந்நூறைத் தாண்டவில்லை, அவற்றிலும் முன்னாள் இராணுவ விமானிகளுக்கே முதலிடம்.

அப்படியானால் விமானப்படையில் சேர்வதுதானே நேர்வழி என்று வெளியூரார் கேட்பார். பயிற்சி மார்க்கம் தெளிவானதுதான்: திருகோணமலைச் சீனன்குடாவில் கெடேற்றாகச் சேர்ந்து முதலில் சிறு விமானத்தில் பழகி, தெரிவானவர் ஹிங்குராங்கொடையில் ஹெலிகொப்டருக்கு மாறுவர், செலவு அரசாங்கத்துடையது, சம்பளமும் உண்டு, பல வருஷச் சேவைக் கட்டுப்பாடும் உண்டு. அந்தக் கதவு நம் பிள்ளைகளுக்குச் சட்டத்தால் அடைக்கப்படவில்லை. ஆயினும் அதைத் தட்டுவதா என்பது, பங்கருக்குள் இருந்து எழுந்துவந்த ஒரு தலைமுறையிடம் விண்ணப்பப் படிவத்தைக் காட்டி எளிதிற் பதில் பெறக்கூடிய கேள்வியன்று. இதில் எந்தப் பக்கத்துக்கும் உபதேசம் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஹெலிகொப்டர் உத்தியோகத்தில் இந்நாட்டுத் தமிழர் ஏன் அருகியிருக்கிறார் என்பதற்கு இதுவே முக்கிய காரணம் என்பதை மாத்திரம் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தொழிலின் நிலையாமையையும் சேர்த்து எண்ணவேண்டும். இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகள் 2018இல் 23 இலட்சத்துக்கு மேல். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பும் கொரோனாவும் அடுத்தடுத்து வந்தபின் 2021இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. 2022இல் எண்ணெய் வரிசையில் நாடே நின்றது. 2024இல் மறுபடி 20 இலட்சத்தைத் தாண்டியது. ஹோட்டல்காரர் கெட்ட வருஷத்தில் அறைகளைப் பூட்டிவைத்துவிட்டுக் காத்திருக்கலாம். விமானியின் அனுமதிப்பத்திரமோ, குறித்த காலத்துக்குள் பறந்தும் பரிசோதனைக்கு உட்பட்டும் புதுப்பிக்கப்படாவிட்டால், அலுமாரியிலிருக்கும் வெறும் கடதாசி.

இனி, அந்த ஆசனத்தில் ஒருநாள் எப்படிக் கழிகிறது என்பதைக் கிட்ட நின்று பார்ப்போம். சுற்றுலாவுக்கும் பயிற்சிக்கும் உலகெங்கும் வழங்கும் ரோபின்சன் ஆர்-44 என்னும் நான்கு ஆசன ஹெலிகொப்டரை எடுத்துக்கொண்டால், அது எல்லாமாகச் சேர்ந்து 1,134 கிலோவுக்கு மேல் நிறை தாங்கலாகாது. வெற்று நிறை ஏறத்தாழ 685 கிலோ. எஞ்சும் 450 கிலோவில், இரண்டு தாங்கிகளிலும் முழு எண்ணெயை நிரப்பினால் 130 கிலோவளவு போய்விடும். மிச்சம் 320, விமானியோடு நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 80 கிலோ. ஆகவேதான் இறங்குதளத்தில் முதல் வேலையாகப் பிரயாணியைத் தராசில் ஏற்றுகிறார்கள். சொன்ன நிறையை நம்புவதில்லை. விடுமுறைக்கு வந்த தடித்த கனவான் முன்னுக்கு இருக்க ஆசைப்படுவார், மெலிந்த மனைவியைப் பின்னுக்கு அனுப்பினால் இயந்திரத்தின் சமநிலை முன்பக்கம் சரியும். அவருடைய மானமும் கெடாமல், சமநிலையும் கெடாமல், சிரித்த முகத்தோடு இருவரையும் இடம்மாற்றி உட்கார்த்துவது விமானியின் சாமர்த்தியம். சித்திரை வெயிலில் காற்று இலேசாகி இறக்கை தூக்கும் வலுக் குறைகிறபோது, காலையில் ஏற்றிய மூவரை மத்தியானம் ஏற்றமுடியாமற் போகலாம். ஏன் என்று கேட்கிற பிரயாணிக்குக் கோபம் வராமல் விளக்கவும் வேண்டும்.

பறப்பு எட்டு நிமிஷம், பத்து நிமிஷம், மிஞ்சினால் அரை மணித்தியாலம். இயந்திரத்தை நிறுத்தாமலே ஒரு குழுவை இறக்கி மறு குழுவை ஏற்றி, அதே ஊரை, அதே பாறையை, அதே அருவியைக் ஒலிவாங்கியினூடாக முதன்முறை காண்பவர் போன்ற உற்சாகத்தோடு நாள்முழுதும் வர்ணித்துக்கொண்டிருக்கவேண்டும். இடது கை தூக்குவிசையையும், வலது கை சாய்வையும், இரு கால்களும் வால்விசிறியையும் ஆண்டபடி இருக்க, வாய் மாத்திரம் வழிகாட்டியாக வேலை செய்யும். எஞ்சின் நின்றுபோனால், சுழலும் இறக்கையின் வேகம் விழுவதற்குள் இடது கையைத் தாழ்த்துவதற்கு இவ்வகைச் சிறு ஹெலிகொப்டரில் கிடைக்கும் அவகாசம் ஓரிரு செக்கன். துணை விமானி கிடையாது.

அபாயம் பெரும்பாலும் எஞ்சினிலிருந்து வருவதில்லை, முகிலிலிருந்து வருகிறது. 1954இல் இலினோய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத இருபதுபேரைச் சிறு விமானத்தில், வெளியே எதுவும் தெரியாதபடி மறைத்துப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக எடுத்த நேரம் 178 செக்கன். கேதார்நாத்தில் 3,583 மீற்றர் உயரத்துக் கோயிலுக்கு யாத்திரிகரை ஏற்றியிறக்கும் ஹெலிகொப்டர்கள், கடல்மட்டத்துக் காற்றில் பத்திலேழு பங்கு அடர்த்தியே உள்ள காற்றில், ஒடுங்கிய பள்ளத்தாக்கினூடாக, சடுதியில் மூடும் முகிலுக்கு நடுவே பறக்கின்றன. 2022 ஒக்டோபர் 18ஆம் திகதி அங்கே ஒன்று வீழ்ந்து விமானியும் ஆறு யாத்திரிகரும் மாண்டனர். யாத்திரிகருள் மூவர் தமிழ்நாட்டவர். 2025 யூன் 15ஆம் திகதி கௌரிகுண்ட் அருகே மற்றொன்று வீழ்ந்து, குழந்தை ஒன்று உட்பட ஏழுபேர் போயினர். ஓட்டியவர் இந்தியத் தரைப்படையில் ஓய்வுபெற்ற அனுபவசாலி. அனுபவம் இருந்தும் இப்படியா என்று கேட்டால், தளத்தில் வரிசையில் நிற்கும் யாத்திரிகரும், ஒரு நாளைக்கு இத்தனை முறை என்று கணக்குப் பார்க்கும் கம்பனியும், இன்னும் ஒருமுறை போய் வந்துவிடலாம் என்று தோன்றும் மனமும் சேர்ந்து கொடுக்கும் நெருக்குதலைத்தான் சொல்லவேண்டும். “இண்டைக்குப் பறக்கேலாது” என்று முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய விமானிக்கு அந்த மாதத்துச் சம்பளம் குறையலாம். அதைச் சொல்லமுடியாதவர் இத்தொழிலுக்குப் போகாதிருப்பதே பிரயாணிகளுக்கு நல்லது.

நம் குடாநாட்டிலேயே இவ்வேலை பிறக்காதா என்ற ஆசை இயல்பானது. மலையும் மலையை மூடும் முகிலும் இல்லாத தட்டை நிலம். செம்மண் தோட்டங்களும், பனந்தோப்பும், வெண்மணலும், கடல்நீரேரியும் அடுத்தடுத்து நிறம் மாறுகிற காட்சி. நயினாதீவும், நெடுந்தீவும், கோட்டையும், மணற்காட்டு மணற்குன்றுகளும் ஒரு குறுகிய பறப்பில் அடங்கிவிடும். ஆனால் இதே கிட்டம்தான் வியாபாரத்துக்கு விரோதி. குறிகட்டுவானில் படகேறினால் ஒரு மணித்தியாலத்தில் நெடுந்தீவுக்குப் போய்விடுகிறவர், அதற்காகப் பல ஆயிரம் ரூபாயை ஏன் கொட்டவேண்டும்? திருவிழாவுக்கு ஊருக்கு வருகிற வெளிநாட்டுத் தமிழர் விரும்பிக் கொடுப்பார் என்று வைத்துக்கொண்டாலும் அது ஆடி, ஆவணி இரண்டு மாதத்து வருமானம். இரைச்சலுக்கு ஊரவர் சம்மதமும் வேண்டும். 2023 மே மாதத்தில் ஊட்டிக் கோடை விழாவுக்கு ஏற்பாடான ஹெலிகொப்டர்ச் சவாரியை, வனவிலங்குகளின் பொருட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. இங்கே வனவிலங்குகளுக்காக யாரும் வழக்குப் போடாவிட்டாலும், தாழப் பறக்கும் அந்த ஒலியைக் கேட்டுத் திடுக்கிட்டு எழும் கிழவிகள் ஒவ்வோர் ஒழுங்கையிலும் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்ட பின்னரும் ஆசை மாறாத பிள்ளை இருந்தால், அது செய்யத்தக்க முதற்காரியம் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிப்பதன்று, முதலாம் தர மருத்துவப் பரிசோதனை. கண், காது, இருதயம், நரம்பு எல்லாவற்றையும் விமான வைத்தியர் பார்ப்பார். நிறக்குறைபாடு ஒன்றே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, அது ஆண்பிள்ளைகளிடையே அரிதுமன்று, அநேகருக்குத் தமக்கு அது இருப்பதே அன்றுவரை தெரிவதுமில்லை. தேறிவிட்டால், காசு கட்டுமுன் பள்ளிக்காரரிடம், கடந்த மூன்று வருஷத்தில் இங்கே அனுமதிப்பத்திரம் பெற்ற வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர், அவர்களுள் இன்று சம்பளத்துக்குப் பறப்பவர் எத்தனை பேர், அவர்களோடு பேச முடியுமா என்று எழுத்தில் கேட்கட்டும். கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே கேட்கிற இடத்தை விட்டு விலகட்டும். மருத்துவப் பரிசோதனைக்காகும் செலவு, பயிற்சிக் கட்டணத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.